ஒரு பக்கம் துடைத்த காசு

உலர்ந்த திருநீற்றை இரண்டு விரல் நுனியில் எடுத்து வெள்ளியின் மேல் வட்டமாகத் தேய்க்கும்போது முதலில் ஒரு சொரசொரப்பும், பிறகு ஒரு வழுவழுப்பும், கடைசியில் எலிக்குஞ்சு கத்துவதுபோல மெல்லிய ஒரு கீச்சொலியும் உண்டாகும். அந்தக் கீச்சொலி கேட்டுவிட்டால் போதும், பழைய வேட்டிக் கிழிசலால் ஒருமுறை துடைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கல்லிடைக்குறிச்சியில் நான் வளர்ந்த வீட்டின் வெள்ளிக்கிழமைக் காலைகளை அந்த ஒலியைக் கொண்டுதான் என்னால் இன்றும் அடையாளம் காண முடிகிறது. தேய்த்தவள் என் அக்கா கோமதி. எனக்கு ஏழு வயது மூத்தவள். திருநீற்றுக் கிண்ணம், குங்குமச் சிமிழ், கைப்பிடி உடைந்த ஒரு சிறு விளக்கு ஆகியவற்றை முடித்த பின், பூசை அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பத்து வெள்ளிக் காசுகளை எடுத்து மடியில் பரப்பிக்கொள்வாள்.

அவை அமெரிக்க டாலர்கள். நாங்கள் "சீமைக்காசு" என்றோம். எந்தக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தாலும் எங்கள் வீட்டுக்கு அது சீமைதான். உள்ளங்கையை நிறைக்கும் அகலமும், சிறுவனான என் கையைத் தாழ்த்தும் கனமும் அவற்றுக்கு இருந்தன. ஒரு பக்கத்தில் பக்கவாட்டில் திரும்பிய ஒரு பெண்ணின் முகம், கனத்த கழுத்தும், கதிரும் இலையும் செருகிய கூந்தலுமாக இருந்தது. மறுபக்கத்தில் சிறகு விரித்த கழுகு ஒன்று. அம்மா அந்தப் பெண்ணை இன்னார் என்று விசாரித்ததில்லை. பெண்ணுருவம் ஒன்று வெள்ளியில் அமைந்து வீட்டுக்கு வந்திருக்கிறதென்றால் அவள் யாராக இருக்க முடியும் என்பதில் அம்மாவுக்கு ஐயம் எழவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பத்து நெற்றிகளுக்கும் குங்குமம் வைத்தாள். பக்கவாட்டு முகத்துக்குப் பொட்டை எந்த இடத்தில் வைப்பது என்பது மட்டும் அம்மாவுக்குத் தீராத சிக்கலாக இருந்து, இறுதியில் புருவமும் மூக்கும் சேரும் விளிம்பில் ஒரு புள்ளியாக வைப்பதென்று முடிவானது.

காசுகளைக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலொன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். அந்த நாளில் அமெரிக்கத் துறைமுக ஊர்களில் ஒரு டாலர் தாளை வங்கியில் நீட்டினால் பதிலுக்கு ஒரு வெள்ளி டாலரைத் தருவார்கள் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் ஒன்றைக் கொண்டுவந்து மருமகளின் கையில் வைத்து, "மாமன் சீர்" என்பார். எனக்குப் பேனா கிடைக்கும். பத்துப் பயணங்கள் முடிந்திருந்தன. பதினோராவது பயணத்திலிருந்து அவர் திரும்பவில்லை. காய்ச்சல் என்று சொன்னார்கள். பெயர் எங்களுக்கு உச்சரிக்க வராத ஒரு துறைமுகத்தில் அடக்கம் செய்துவிட்டதாகக் கடிதம் வந்தது. இரண்டு மாதம் கழித்து, அதே கப்பலில் வேலை பார்த்த உவரிக்காரர் சூசை அண்ணாச்சி, மாமாவின் தகரப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார்.

பெட்டிக்குள் நான்கு சட்டை, ஒரு சவரக்கத்தி, ஒரு தேவாரப் புத்தகம், அதன் பக்கங்களுக்கு நடுவே மெல்லிய தாளில் மடித்த ஒரு சீமைக்காசு. மற்ற பத்தும் வீட்டுக்கு வரும்போது வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தவை. இது கன்னங்கரேல் என்று இருந்தது. அம்மா அதைப் பார்த்த பிறகு பெட்டியை மூடிவிட்டாள். பதினாறாம் நாள் கழிந்தால் தீட்டும் கழிந்தது என்பது எல்லோருக்குமான விதி. ஆனால் உடலைப் பார்க்காத சாவுக்கு அந்த விதி பொருந்துமா என்பதில் அம்மாவுக்குத் தெளிவில்லை. ஆகவே அந்தக் காசு பூசை அலமாரிக்குப் போகவில்லை, திருநீறும் குங்குமமும் பெறவில்லை. பின்னறையில், பூட்டாத பெட்டிக்குள், இரண்டு ஆண்டுகள் கிடந்தது. அந்த அறைக்குள் போக நேர்ந்தால் அம்மா பெட்டி இருக்கும் பக்கம் பார்க்காமல் போய் வருவாள்.

அக்காவுக்கு மதுரையில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது அந்த இரண்டாம் ஆண்டின் முடிவில். நேர்முகத் தேர்வுக்கு அப்பாதான் அழைத்துப் போனார். இடம் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பது, கிடைத்த பிறகு அவர் இரண்டு நாள் பேசாமலிருந்ததிலிருந்து தெரிந்தது. நிலமெல்லாம் தாத்தா காலத்திலேயே கைமாறிவிட்டது. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். மூன்றாம் நாள் காலை, சாப்பிட்டுக் கை கழுவியபடியே அவர் தம் முடிவைச் சொன்னார்.

"இந்தா பாரு கோமு, மொத வருசத்துக்கு ஒன் சீரு. மிச்ச வருசத்துக்கு நான் எப்படியாவது பொரட்டுதேன். ஒம் மாமன் ஒனக்குன்னு குடுத்தது. என்ன வெலைக்குப் போவும்னு பாத்துட்டு வா. எட்டிச்சுன்னா மதுரை. எட்டலேன்னா பேச்சில்ல."

அம்மா தட்டை எடுக்க வந்தவள் நின்றாள். "சீரை வித்துப்புட்டா நாளைக்குக் கட்டிக் குடுக்கையில பிள்ளைக்கு என்னத்தப் போட?"

"டாக்டர் படிப்பைப் போடுவோம்" என்றார் அப்பா. அவர் வாழ்நாளில் நகைச்சுவையாகச் சொன்ன மிகச் சில வாக்கியங்களில் அது ஒன்று.

திருநெல்வேலி டவுனில் அப்பாவுக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் முதலில் போனோம். அக்கா, அப்பா, நான். ஆசாரி ஒவ்வொரு காசையும் சுண்டி ஓசை கேட்டார், ஒன்றை மட்டும் விளிம்பில் லேசாக அரத்தால் ராவி உரைகல்லில் உரசினார், பிறகு பத்தையும் ஒன்றாகத் தராசில் இட்டார். பத்துக்கு ஒரு பங்கு செம்பு என்று அவர் சொன்னது எவ்வளவு துல்லியமானது என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு நூலில் படித்தபோது அறிந்தேன். கூலியாக எதுவும் கேட்கவில்லை.

"தலையில இருக்கது யாரு, ராணியா?"

"சுதந்திர தேவியாம்" என்றாள் அக்கா.

"யாரா இருந்தா என்ன தாயி, மூசையில போட்டு உருக்குனா எல்லாம் ஒரே கொழம்புதான்."

அவர் சொன்ன தொகை முதல் ஆண்டுக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ரயிலில் திரும்பி வரும்போது அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அக்கா சன்னல் பக்கம் இருந்தாள். சேரன்மகாதேவி தாண்டியதும், "அப்பா, சூசை அண்ணாச்சிக்கு ஒரு கார்டு போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். கப்பல்காரர்கள் அயல்நாட்டுக் காசுகளை எடைக்கு அல்லாமல் வேறு ஏதோ கணக்கில் வாங்கி விற்பார்கள் என்று மாமா ஒருமுறை சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தாமல், "போடு" என்றார்.

அஞ்சலட்டை கிடைத்த நான்காம் நாள் சூசை அண்ணாச்சி வந்துவிட்டார். கடல் வேலையை விட்டு ஊரோடு இருந்துகொண்டு, தூத்துக்குடிக்கு வரும் மாலுமிகளிடம் காசுகளை வாங்கி, கொழும்பிலிருந்த ஒருவருக்கு அனுப்பும் தொழிலை அவர் செய்துவந்தார். பெரிய உடம்பு. எங்கள் முன்கூடத்து நாற்காலியில் ஓரமாக, அது தம்மைத் தாங்குமா என்று சோதிப்பவர்போல உட்கார்ந்தார். அக்கா பத்துக் காசையும் தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள். அப்போதுதான் தேய்த்தவை. தாம்பாளமே வெளிச்சமாக இருந்தது. அவர் ஒன்றை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார்.

"யம்மாடி. இந்த மகராசிக்கு யாரு மொட்டை போட்டது?"

யாருக்கும் புரியவில்லை. அவர் காசை அக்காவின் பக்கம் திருப்பிக் காதுக்கு மேலே நகத்தால் தொடாமல் சுட்டினார். "இங்கன முடி இழை இழையா இருக்கணும் தாயி. கழுகுக்கு நெஞ்சுல இறகு இருக்கணும். காசுல ஒசந்த எடம் இந்த ரெண்டும்தான். தேஞ்சா மொதல்ல இதுதான் தேயும். முடிக்குத்தான் வெலை. இவளுக்கு மண்டை வழுக்கையால்ல இருக்கு. யாரு பாத்த வேலை?"

"நாந்தான் அண்ணாச்சி" என்றாள் அக்கா. "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம துந்நூறு போட்டுத் தேப்பேன்."

"எத்தன வருசமா?"

"ஏழு வயசுலேருந்து."

சூசை அண்ணாச்சி தாம் சிரிப்பது மரியாதையாகுமா என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "வெள்ளக்காரன் அழுக்குக்குத் துட்டு குடுப்பான் பாத்துக்கிடுங்க. நாம கை வலிக்க அந்த அழுக்கத் தொடைச்சுட்டு நிக்கோம். ஆசாரி சொன்ன வெலைதான் இதுக்கு. நானும் அதுக்கு மேல சொல்ல மாட்டேன்." எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். "அந்தப் பெட்டியில ஒண்ணு கருப்பா கெடந்துச்சே. அவளுக்கும் மொட்டை போட்டாச்சா?"

அக்கா உள்ளே போய், மடித்திருந்த தாளோடு அதைக் கொண்டுவந்தாள். அவர் அதை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே விளிம்பில் பிடித்துத் தெருவாசல் வெளிச்சத்துக்குப் போனார். திருப்பினார். கழுகின் வாலுக்குக் கீழே, காசு அடித்த ஊரைக் குறிக்கும் எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அதுவரை விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தவர் திரும்பி வரும்போது குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"இவளுக்கு முடி இருக்கு. வருசமும் நல்லாருக்கு, எழுத்தும் நல்லாருக்கு. ஆனா பொஸ்தகத்தப் பாக்காம நான் வாயத் தொறக்கப்படாது. பூதக்கண்ணாடியும் அங்கதான் கெடக்கு. வார வெள்ளிக்கெழம உவரிக்குக் கொண்டாங்க. இப்படியே கொண்டாங்க, கேட்டியளா? துணி கூடப் படப்படாது. ஓரத்தப் பிடிச்சு எடுக்கணும், ஓரத்தப் பிடிச்சு வைக்கணும்."

"நீங்களே கையோட கொண்டு போலாமே, அண்ணாச்சி" என்றார் அப்பா.

"வேண்டாம். ஒரு தடவ இந்த வீட்டுக்குப் பெட்டி சுமந்தது போதும். இந்த வீட்டுலேருந்து ஒண்ணையும் நான் சுமக்க மாட்டேன்."

அவர் பேசியதையெல்லாம் அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இதை நான் குறிப்பிட்டாக வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்தது அறியாமையால் நடந்ததன்று.

அந்த வெள்ளிக்கிழமை அப்பாவுக்குச் சங்கத்தில் தணிக்கை. அக்காவும் நானும் மட்டும் போவதென்று முடிவாயிற்று. விடிந்ததும் ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தோம். வந்தபோது, மஞ்சள் தடவிய புதுத்துணியில் கட்டிய ஒரு சிறு முடிச்சை அம்மா அக்காவின் கையில் வைத்தாள். "ஓரத்தப் பிடிச்சுத்தான் வச்சேன்" என்றும் சொன்னாள். அவள் முகம் கழுவிப் பொட்டிட்டுத் தெளிவாக இருந்தாள். அக்கா முடிச்சைப் பிரித்துப் பார்க்கவில்லை. பிரிக்கப் பிரிக்கக் கை படுமே என்பது அவள் எண்ணம். ரயிலில் திருநெல்வேலி வரைக்கும், பிறகு பஸ்ஸில் திசையன்விளை வழியாக உவரி வரைக்கும், அந்த முடிச்சை அவள் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தாள். வழியில் ஒருமுறை மட்டும், "எட்டும்லே" என்றாள். கேள்வியா தீர்மானமா என்று தெரியாத குரல்.

சூசை அண்ணாச்சியின் வீடு அந்தோணியார் கோயிலுக்குப் பின்னால், கடற்கரை மணல் தொடங்கும் இடத்தில் இருந்தது. முற்றத்தில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. "எங்க வீட்டுச் சட்டி பானையெல்லாம் கவிச்சி, உங்களுக்கு ஆவாது" என்று சொல்லி, மரத்திலிருந்து அப்போதே இளநீர் இறக்கச் சொன்னார். புத்தகம் மேசைமேல் தயாராக இருந்தது. தடித்த, அட்டை பிய்ந்த, அயல்நாட்டுப் புத்தகம். ஒவ்வோர் ஆண்டின் காசுக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும், அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, விலைகளை வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு முடிச்சைப் பிரித்தார்.

பெண்ணின் முகம் பளீரென்று இருந்தது. நெற்றி விளிம்பில் குங்குமப் புள்ளி.

அவர் காசை விளிம்பில் பிடித்துத் திருப்பினார். மறுபக்கம் தொடப்படாமல் இருந்தது. வீட்டு இருட்டில் வெறும் கறுப்பாகத் தெரிந்தது, கடலோர வெயிலில் நடுவே கருநீலமாகவும், விளிம்பை நோக்கி ஊதாவும் செம்பொன்னுமாகவும் விரிந்தது. கழுகின் நெஞ்சில் இறகுகளை எண்ணலாம்.

"ஒரு பக்கம் அமெரிக்கா, ஒரு பக்கம் கல்லடக்குறிச்சி" என்றார் அவர். இந்த முறை சிரிக்கவில்லை.

அம்மா செய்ததை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆகவில்லை. தேய்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் சாவோடு வந்த காசை, மகளின் படிப்பு என்ற நல்ல காரியத்துக்கு, அதுவும் வெள்ளிக்கிழமையில், கறுத்த முகத்தோடு அனுப்புவது அம்மாவால் முடியாது. இரண்டு சொல்லுக்கும் கட்டுப்படுவதற்கு அவள் கண்ட வழி, முகத்தை மட்டும் துடைத்துக் கழுகை விட்டுவிடுவது.

சூசை அண்ணாச்சி பூதக்கண்ணாடியை அக்காவிடம் கொடுத்தார். கூந்தல் இழைகள் அப்படியே இருந்தன. ஆனால் கன்னத்திலும் கழுத்திலும் முகத்தைச் சுற்றிய வெற்றுப் பரப்பிலும் வட்ட வட்டமாக, மயிரிழையிலும் மெல்லிய கீறல்கள். ஒரே ஒரு முறை, ஒரு சிட்டிகைத் திருநீற்றால் உண்டானவை. அக்கா கண்ணாடியை நெடுநேரம் வைத்துப் பார்த்தாள். அந்த வட்டங்களை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. அம்மாவின் கையும் அவள் தேய்ப்பதைப் பார்த்துப் பழகிய கைதான்.

"இப்படி வராம இருந்திருந்தா என்ன வெலை, அண்ணாச்சி?"

அவர் தயங்கினார். பிறகு புத்தகத்தில் ஒரு வரியில் விரலை வைத்து, ரூபாயில் சொன்னார். அந்தத் தொகையை இங்கே எழுதுவதில் பொருளில்லை, அன்றைய ரூபாய் இன்று எதையும் அளப்பதில்லை. ஆண்டுகளில் சொல்கிறேன். அது மதுரையில் அவள் படிக்கவேண்டிய எல்லா ஆண்டுகளுக்கும் போதுமானது, விடுதிச் செலவு உட்பட.

"இப்ப?"

இப்போதைய விலையையும் சொன்னார். ஆசாரி பத்துக் காசுக்கும் சேர்த்துச் சொன்னதைவிட அது சற்று அதிகம். அந்தப் பத்தையும் விற்று இதோடு சேர்த்தாலும் முதல் ஆண்டின் கரையை எட்டவில்லை.

"மறுபடி கருக்க வைக்க முடியாதா?"

"முடியும். கந்தகம் காட்டுனா ஒரு மணி நேரத்துல கருத்துரும். கொழும்புக்காரன் கண்ணுக்கு அது தெரிஞ்சிரும். தெரியாட்டியும் நான் செய்ய மாட்டேன், தாயி."

"சரி" என்றாள் அக்கா. இரண்டாவது விலைக்கு அந்தக் காசைக் கொடுத்தாள். மற்றப் பத்தையும் உருக்கக் கொடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னதற்கும் சரி என்றாள். பணத்தை வாங்கி முடிந்துகொண்ட பிறகு, "அண்ணாச்சி, மொதல்ல சொன்ன வெலைய எங்க வீட்டுல யாருக்கும் சொல்லிராதிய" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். "தம்பி?"

"அவன் சொல்லமாட்டான்."

என்னிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. என் சார்பில் அது கொடுக்கப்பட்டது. பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது நான் அழுதேன். அவள் அழவில்லை. "லே, ரெண்டு வருசமா அம்மா அந்தப் பெட்டிப் பக்கம் திரும்பல. இன்னைக்குத்தான் அதத் தொட்டிருக்கா. அதப் போய்த் தப்புன்னு சொல்லச் சொல்லுதியா?" என்று மட்டும் கேட்டாள். பதினேழு வயது முடியாதவள் அந்த முடிவை யோசித்து எடுக்க எவ்வளவு நேரம் இருந்தது என்று பின்னாளில் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். ஓர் இளநீர் குடிக்கும் நேரம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா முதலில் கேட்டது தொகையை அல்ல. "மொகத்தத் தொடச்சு விட்டேனே, பாத்தாராட்டி?"

"பாத்தாரு. அதனாலதான் இந்த வெலை குடுத்தாரு. பத்துக் காசுக்கு ஆசாரி சொன்னத விட ஒத்தக் காசுக்குக் கூட."

"நெனச்சேன்" என்றாள் அம்மா. "கருத்த மொகத்தோட போயிருந்தா எவன் மதிப்பான்?"

அன்றைக்கே, அப்பா கேட்பதற்கு முன்னால், மதுரை வேண்டாம், பாளையங்கோட்டையில் வேதியியல் போதும், தினமும் ரயிலில் போய் வருகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். அப்பா மறுக்கவில்லை. அந்தப் படிப்புக்கு அந்த ஒற்றைக் காசு ஏறக்குறையப் போதுமானதாக இருந்தது. இரண்டாம் ஆண்டில் ஒரு மாலை, என் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இடையில் தன் நோட்டைத் திறந்து, வெள்ளி ஏன் கறுக்கிறது என்று எனக்கு விளக்கினாள். காற்றிலுள்ள கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து கறுப்பாகிறது. ஆகவே அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கன்று, அதில் பாதிக்கு மேல் வெள்ளிதான். துடைக்கும்போது போவதும் வெள்ளிதான். இதைச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். உவரியைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு என்று சொல்ல வேண்டுமானால் அது ஒன்றுதான்.

அம்மா அதன்பின் நாற்பது ஆண்டுகள் இருந்தாள். தான் துடைத்துவிட்ட ஒற்றைக் காசு மகளைப் பட்டதாரியாக்கிய வரலாற்றை அவள் சொல்லிக் கேட்காத உறவினர் இல்லை. ஆசாரி மதித்த பத்துக் காசு ஒரு பக்கம், தன் கைபட்ட ஒரு காசு மறுபக்கம், எது அதிகம் போயிற்று என்று நிறுத்திக் கேட்பாள். பொருளியல் பேராசிரியனாக முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்த எனக்கு, அவள் முன்வைத்த சான்றுகளிலிருந்து அந்த முடிவைத் தவிர வேறொன்றுக்கு வர இயலாது என்பது தெரியும். அவளிடம் இல்லாதது ஒரே ஓர் எண். "கேளுங்க, அவளே சொல்லுவா" என்று முடிப்பாள். அக்கா அம்பாசமுத்திரத்தில் பெண்கள் பள்ளி ஆசிரியையாகி, தலைமையாசிரியையாகி, ஓய்வும் பெற்று, தலை நரைத்த பின்னும், அந்த இடத்தில், "ஆமா" என்று சொல்லி வந்தாள்.

சென்ற ஐப்பசியில் அக்கா இறந்துவிட்டாள். நோயைப் பற்றியும் கடைசி நாட்களைப் பற்றியும் எழுத இது இடமில்லை. காரியங்கள் முடிந்த பிறகு, வெளிநாட்டில் வாழும் அவள் மகள், அலமாரியில் ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் பத்துக் காசுகளைக் கண்டெடுத்து, இவற்றின் மதிப்பென்ன என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அவளும் அவள் தம்பியும் பகிர்ந்துகொள்ள வேண்டும். சென்னையிலிருந்து வந்திருந்த நான் அவளை அழைத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன்.

உரைகல் வைத்திருப்பவர் யாரும் இப்போது அங்கே என் கண்ணில் படவில்லை. குளிரூட்டிய கடையில், காசைப் பெட்டி போன்ற ஒரு கருவிக்குள் வைத்து மூடினார்கள். பத்துக்கு ஒன்பது வெள்ளி, ஒன்று செம்பு என்று திரையில் எழுத்து வந்தது. எடை மின்தராசில் விழுந்தது. ஆண்டையும் எழுத்தையும் தட்டிவிட்டால் எந்தக் காசின் விலையையும் கைபேசியே சொல்லிவிடுகிறது, சூசை அண்ணாச்சியின் புத்தகத்துக்கு வேலையில்லை. கடைக்காரர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நானும் ஓர் ஆண்டையும் ஓர் எழுத்தையும் தட்டிப் பார்த்தேன். எனக்கு அவை மறக்கவில்லை. திரையில் வந்த தொகையைப் பார்த்துவிட்டுக் கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"தேஞ்சு போனதுனால எடை வெலைதான் சார்" என்றார் கடைக்காரர்.

"பரவால்ல" என்றாள் அக்காவின் மகள். அவள் தமிழ் பேசுவாள், வாசிக்கமாட்டாள். அதனால்தான் இதை என்னால் எழுத முடிகிறது. காசுகளை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் திரும்ப வைத்துக்கொண்டே கேட்டாள். "மாமா, இன்னொண்ணு இருந்துச்சாமே. ஆச்சி தொடச்சு விட்டதுனால நெறைய வெலைக்குப் போச்சாம், அதை வச்சுத்தான் அம்மா படிச்சாங்களாம். அப்படியா?"

"ஆமா" என்றேன்.

ஒவ்வொரு முறையும் அக்கா அந்தச் சொல்லைச் சொன்னதும், யாரும் கவனிக்காத ஒரு கணத்துக்கு, அவள் கண் என் பக்கம் வந்து போகும். நான் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கடைக்காரர் அடுத்தவருக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார்.